வேணிக்கா கரெக்‌ஷன்

ஒன்றரை மாசமாக முருகானந்தம் படித்த நாவல்களில் ஒரு மனிதர்கூடச் சாகவில்லை. காலரா வந்தது, புயல் வந்தது, ஒரு கதையில் பங்காளிகள் அரிவாளோடு வரப்பில் நின்றார்கள். ஆள் மட்டும் போகவில்லை. படுத்த படுக்கையாக இருந்த கிழவர்கள் திடீரென்று எழுந்து பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினார்கள். கிணற்றங்கரை வரை போன மருமகள் ஒருத்தி மனம் மாறி டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்தாள். இவ்வளவு இரக்கமுள்ள எழுத்தாளர்கள் யாரப்பா என்று தேட வேண்டாம். எழுதியவர்கள் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். இரக்கப்பட்டது அவருடைய சம்சாரம் வேணி. அந்த இரக்கத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தது எங்கள் பிளாட்டின் கீழே டி.டி.பி. கடை வைத்திருக்கும் பெலிண்டா.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், தெரியாமல் இருக்க வழியில்லை. அம்மா மண்டபம் ரோட்டில் எங்கள் பிளாட். இரண்டாவது மாடியில் அவர்கள் வீடும் என் வீடும் எதிரெதிர். என் சமையல்கட்டு ஜன்னலுக்கும் அவர்கள் ஹால் ஜன்னலுக்கும் நடுவில் பைப் இறங்குகிற சந்து மட்டும்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். குறை சொல்வதென்றால் கட்டிய என்ஜினீயரைச் சொல்லுங்கள், என்னைச் சொல்லாதீர்கள்.

முருகானந்தத்துக்குச் சொந்த ஊர் துறையூர்ப் பக்கம். உறையூர் மின்வாரிய ஆபீசில் இருந்தவர். சர்க்கரை முதலில் காலைத் தொட்டது, அப்புறம் கண்ணைத் தொட்டது, கடைசியில் இரண்டு சிறுநீரகங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டது. வாரத்தில் மூன்று நாள் தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் இடது கையை அசைக்கக் கூடாது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் தூங்குவார்கள், இல்லாவிட்டால் செல்போன் பார்ப்பார்கள். இவருக்குச் செல்போன் வெளிச்சம் கண்ணில் குத்தும். புத்தகம் என்றால் ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கம் திருப்ப முடியாது. படிக்காமல் படுத்துக் கிடக்கிற சுபாவமும் கிடையாது. அப்போதுதான் பீரோவின் அடித்தட்டிலிருந்து மின்புத்தகம் படிக்கிற அந்தப் பழைய ரீடரை எடுத்தார்.

சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய தம்பி எப்போதோ கொண்டுவந்து கொடுத்தது. சிலேட்டு மாதிரி, சாம்பல் நிறம். உள்ளே வெளிச்சம் கிடையாது. காகிதத்தில் அச்சடித்ததுபோல எழுத்து நிற்கும். இரண்டு ஓரத்திலும் பொத்தான். பிடித்திருக்கிற கையின் கட்டைவிரலாலேயே அடுத்த பக்கம் போய்விடலாம். ஊசி குத்திய கைக்காரர்களுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஒரே சங்கடம், செய்தவர்களே அதை மறந்து ரொம்ப நாளாகியிருந்தது. புதுப் புத்தகம் எதுவும் நேராக அதற்குள் இறங்காது.

"சார், இது சாப்பிடற ஃபைல் வேற, இப்ப வர்ற புக்கு வேற," என்றாள் பெலிண்டா. "இப்ப எல்லாம் இ-பப்னு வருது. அதைக் குடுத்தா உங்க மிஷின் வாயே திறக்கல. மொபின்னு பழசு ஒண்ணு இருக்கு, அதுக்கு மாத்திப் போட்டேன். வாயைத் திறந்துச்சு. ஆனா தமிழ் வரல. பாருங்க, கொம்பு ஒரு பக்கம் கிடக்கு, கால் ஒரு பக்கம் கிடக்கு."

முருகானந்தம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கல்யாண வீட்டு வாசல்ல செருப்பு கிடக்கற மாதிரி கிடக்கு."

பெலிண்டா விடுகிற ஆள் இல்லை. காலேஜ் பிள்ளைகளின் பிராஜெக்ட்டை டைப் அடித்து, பைண்ட் பண்ணி, பாஸும் பண்ண வைக்கிறவள். புத்தகத்தில் இருந்த எழுத்தை மட்டும் உருவி, உள்ளங்கை அளவில் பக்கம் அமைத்து, அதில் பெரிய எழுத்தாக ஊற்றி, எழுத்துரு சிதறாமல் உள்ளேயே பூட்டி, பி.டி.எப்.பாக மாற்றிக் கேபிளில் ஏற்றினாள். எழுத்தைப் பெரிதாக்குகிற வசதி இதில் வேலை செய்யாது என்பதால், அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ரீடரை வயிற்றின்மேல் வைத்துப் பிடிக்கச் சொல்லி, அந்தத் தூரத்துக்கு அளவு பார்த்தாள். தையல்காரர்கூட அவ்வளவு அளவு எடுத்ததில்லை. முதல் புத்தகம் ஓர் ஓடக்காரனைப் பற்றியது. மனுஷர் மூன்று டயாலிசிஸில் முடித்தார்.

முடித்த அன்றைக்குச் சாப்பிடவில்லை. என்ன என்று வேணி கேட்டதற்கு, "அந்த ஓடக்காரன் போயிட்டான் வேணி. ஆத்துலயே போயிட்டான்," என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அங்கேதான் ஆரம்பம்.

வேணி பிறந்தது உப்பிலியபுரத்தில். அவர்கள் வீட்டு வழக்கத்தில், நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்குள் சாவுச் சேதி நுழையக் கூடாது. துஷ்டிக்குப் போய் வந்தவர்கள் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். சேதி சொல்ல வருகிறவர் தெருமுனையிலேயே நின்று, வீட்டு ஆள் ஒருத்தரை வெளியே வரவழைத்துச் சொல்லிவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். வேணி இதை அரசாங்கச் சட்டம் மாதிரி நடத்தினாள். காலையில் பேப்பர் வந்ததும் கண்ணீர் அஞ்சலி போட்டிருக்கிற பக்கத்தை உருவி என்னிடம் தந்துவிடுவாள். நான் அந்தப் பக்கத்துக்காகவே பேப்பர் வாங்குகிறவள். ஆகவே எனக்கு இரண்டு பிரதி. டி.வி.யில் மாலை போட்ட போட்டோ தெரிந்தால் சேனல் மாறும். ஆட்டோ காவிரிப் பாலத்தில் போகும்போது ஓயாமரிச் சுடுகாட்டுப் பக்கம் புகை கிளம்பினால், "என்னங்க, மலைக்கோட்டையைப் பாருங்க," என்பாள். போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று அந்த மனுஷர் பார்த்த அளவுக்கு மலைக்கோட்டையை உச்சிப்பிள்ளையார்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இவ்வளவு காவல் போட்டும் சாவு ரீடர் வழியாக உள்ளே வந்துவிட்டதே என்று அவளுக்கு ஆங்காரம். மறுநாளே கடைக்கு இறங்கினாள்.

"பெலிண்டா, இனிமே நீ ஏத்தற புக்குல யாரும் சாகக் கூடாது."

பெலிண்டா பிரிண்டரை நிறுத்தினாள். "என்னக்கா?"

"அந்த இடத்தை மட்டும் எடுத்துட்டு ஏத்து."

"அது அடுத்தவங்க எழுதுனதுக்கா. நாம கை வைக்கலாமா?"

"போன வாரம் ஒரு பொண்ணு பிராஜெக்ட்ல பாதிப் பக்கம் நீதானே சேர்த்த? சேக்கலாம், எடுக்கக் கூடாதா?"

நான் ஆதார் ஜெராக்ஸுக்காக நின்றிருந்தேன். ஜெராக்ஸ் கைக்கு வந்து ரொம்ப நேரமாகியிருந்தது.

"எடுத்தா ஓட்டை விழும்கா. நேத்து இருந்த ஆளை இன்னைக்குக் காணோம்னா சார் கேக்க மாட்டாரா?"

"எங்கயாச்சும் அனுப்பி வை. பழனிக்கு அனுப்பு. துபாய்க்கு அனுப்பு. எங்க வேணா போய் நல்லா இருக்கட்டும்."

பெலிண்டா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன்? "துபாய் வேணாம், பழைய காலத்துக் கதையா இருந்தா இடிக்கும்," என்றேன்.

அப்படித் தொடங்கியது அந்தத் தொழில். பெலிண்டா ஒவ்வொரு நாவலையும் மாற்றுகிற வேலைக்கு முன்னால், செத்த, இறந்த, காலமான, மறைந்த என்று ஒவ்வொரு வார்த்தையாகப் போட்டுத் தேடுவாள். "தமிழ்ல இதுக்கு மட்டும் எத்தனை வார்த்தை வச்சிருக்காங்க பாருங்கக்கா," என்று அலுத்துக்கொள்வாள். வெட்டின இடத்தில் தையல் தெரியாமல் ஒரு வரி போடுவாள். பின்னால் எங்காவது பெண்டாட்டி வெள்ளைச் சேலையில் வந்தால் அதையும் மஞ்சளாக்க வேண்டும். கருமாதிப் பந்தி ஒன்றைக் காதுகுத்து விருந்தாக மாற்றினாள், பாயசம்கூடச் சேர்த்தாள். ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம். வந்ததை அழிக்க மாட்டாள். டி.டி.பி. தொழிலில் வாடிக்கையாளர் கொண்டுவந்த ஒரிஜினலை அழித்தால் ஒருநாள் அடி விழும் என்பாள். அதனால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு பி.டி.எப். போட்டு வைத்தாள். ஒரு போல்டரின் பெயர் 'மூலம்'. இன்னொன்றின் பெயர் 'வேணிக்கா கரெக்‌ஷன்'.

இப்படியே ஆறு நாவல் ஓடியது. முருகானந்தம் முகத்தில் தெளிச்சி வந்தது என்றுகூட வேணி சொன்னாள். "இப்ப எழுதறவங்கல்லாம் நல்லா எழுதறாங்க. முன்ன மாதிரி அழவைக்கறதில்ல," என்று லிப்டில் என்னிடமே அவர் சொன்னார். நான் நாலாவது மாடி வரைக்கும் தேவையில்லாமல் போய் இறங்கினேன்.

சிரிக்கிற விஷயம் இவ்வளவுதான். மீதியைச் சொல்கிறேன்.

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது வேணி ஒருநாள் ஈரத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம், அதற்கு அரசாங்கத்தில் பெயர் பதிந்து காத்திருக்க வேண்டும் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் இவளைக் கூப்பிட்டார். இதயம் பாதிகூட வேலை செய்யவில்லை, ஆபரேஷனுக்குத் தாங்காது, பெயர் பதிவதற்கே வழியில்லை என்றார். வேணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "பேரு பதிஞ்சாச்சுங்க. வரிசை வந்ததும் கூப்பிடுவாங்களாம்," என்றாள்.

அவர் நம்பினார். போன் எப்போது வரும் என்று தெரியாதே என்று துறையூரில் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகவில்லை. குளிக்கப் போனால் போனை வேணி கையில் கொடுத்துவிட்டுப் போவார். தெரியாத நம்பர் வந்தால் எழுந்து நின்று பேசுவார். பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்பார்கள்.

இந்த ரகசியத்தை வேணி என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நானும் யாரிடமும் சொல்லவில்லை, பெலிண்டாவையும் மூன்றாவது மாடி இர்பானாவையும் தவிர. அவர் காதுக்கு அது போகவே கூடாது என்பதுதான் வேணியின் ஒரே உயிர்மூச்சாக இருந்தது. கேட்ட நாங்களும் அவர் எதிரில் வந்தால் வானிலை பேசிவிட்டு நழுவினோம்.

புரட்டாசியில் ரீடர் ஹேங் ஆகிவிட்டது. பொத்தானை அமுக்கினால் அசையவில்லை. அன்றைக்கென்று பெலிண்டா லால்குடியில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். கடையில் அவள் புருஷன் ஜெயக்குமார். ஜெராக்ஸ் எடுப்பான், டீ குடிப்பான், அதற்குமேல் கேட்கக் கூடாது. பெலிண்டா போனில் சொல்லச் சொல்ல ரீடரை ரீசெட் செய்தான். உள்ளே இருந்ததெல்லாம் துடைத்துக்கொண்டு போயிற்று. முருகானந்தம் ஆறாவது நாவலை முடிக்கப்போகிற இடத்தில் இருந்தார். மறுநாள் டயாலிசிஸ். அதை மட்டும் திரும்ப ஏற்றிக் கொடுப்பா என்றார்.

ஜெயக்குமார் தேடினான். இரண்டு போல்டர் இருந்தது. எது மூலமோ அதுதானே சரியாக இருக்கும் என்று அதிலிருந்து எடுத்து ஏற்றினான். நியாயப்படி அவன்மேல் தப்பே கிடையாது.

மறுநாள் படுக்கையில் முருகானந்தம் விட்ட பக்கத்தைத் தேடினார். பக்க எண் அவருக்கு நினைவிருந்தது. அந்த எண்ணில் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. கதை பின்தங்கியிருந்தது. இது என்ன, முன்பே படித்த இடம் மறுபடி வருகிறதே என்று பொத்தானை அமுக்கிப் பின்னாலும் முன்னாலும் போனார். போனவர் வண்டிக்காரக் கிழவன் ஒருத்தன் செத்துக்கொண்டிருக்கிற இடத்தில் போய் நின்றார். அவர் படித்தவரை அந்தக் கிழவன் மகள் வீட்டுக்குத் திண்டுக்கல் போயிருந்தான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டார்கள். நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"வேணி, கண்ணு எரியுது. கொஞ்சம் படிச்சுக் காட்டேன்."

"நானா? எனக்கு எங்கங்க இதெல்லாம்."

"பொத்தானை அமுக்குனா போகுது. நான் விட்ட பக்கத்துலதான் நிக்குது. படி."

வேணி படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் இல்லை, நன்றாகவே படிப்பாள். வண்டிக்காரக் கிழவன் காய்ச்சலில் கிடக்கிறான். மாடுகள் தொழுவத்தில் தண்ணீருக்குக் கத்துகின்றன. கிழவன் மருமகளைக் கூப்பிடுகிறான். நெஞ்சு ஏறி இறங்குகிறது. பொத்தான் அமுங்குகிற சத்தம் கேட்டது. மறுபடியும் அமுங்கியது.

"அப்புறம்?"

"அப்புறம்... கிழவன் நல்லா மூச்சை இழுத்துவிட்டான். எழுந்து உக்காந்தான். கஞ்சி கேட்டான்."

"என்ன கஞ்சி?"

"ம்?"

"என்ன கஞ்சின்னு போட்டிருக்கு?"

"கம்பங்கஞ்சிங்க."

"தொட்டுக்க என்ன குடுத்தாங்க?"

"மோர் மொளகா."

"குடிச்சானா?"

"குடிச்சான். நல்லா குடிச்சான். குடிச்சிட்டு..." அதற்குமேல் அவளுக்கு ஓடவில்லை.

"வேணி, அதுல அவன் செத்துட்டான். நான் காலைலயே படிச்சிட்டேன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அடுப்பில் ஏற்கெனவே போட்டிருந்த பொரியல் வாடை மாறத் தொடங்கியது. அணைக்கப் போனால் ஒரு வார்த்தை தவறிவிடும். கருகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"உங்க நல்லதுக்குத்தாங்க."

"எல்லாப் புக்குலயுமா?"

வேணி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"கதைலயே இவ்வளவு பண்ணியிருக்கியே, ஆஸ்பத்திரில என்ன பண்ணியிருப்ப?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "என்னைப் பாரு. லிஸ்ட்ல என் பேரு இருக்கா?"

"என்னங்க..."

"இருக்கா, இல்லையா?"

"இல்லீங்க."

"எப்பவாச்சும் இருந்துச்சா?"

"இல்லீங்க."

"ஏனாம்?"

"இதயம் தாங்காதுன்னாங்க."

"எத்தனை நாளைக்கு ஓடும்னாங்க?"

"அதை நான் கேக்காம வந்துட்டேன்."

விழுந்துவிட்டாரோ என்று நான் எட்டிப் பார்த்தேன். நாற்காலியில்தான் இருந்தார். ரீடர் அவள் மடியில் கிடந்தது. அப்புறம்தான் கத்தினார். அந்த மனுஷர் கத்தி நான் கேட்டது அது ஒன்றுதான். சிறுநீரகத்துக்காகக் கத்துவார் என்று நினைத்தேன்.

"ஆறு புக்கு படிச்சிருக்கேன்டி! ஆறும் பொய்! திரும்ப மொதல்லேர்ந்து படிக்க எனக்கு நாள் இருக்கா? சொல்லு, இருக்கா?"

அடுத்த நாள் இரண்டு பேருமாகக் கீழே இறங்கினார்கள். எனக்கும் ஒரு ஜெராக்ஸ் தேவைப்பட்டது. பெலிண்டா எழுந்து நின்றுவிட்டாள், கையைப் பிசைந்தாள். "சார், மன்னிச்சிருங்க சார்."

"அதெல்லாம் இருக்கட்டும்மா. நீ வெட்டி எடுத்ததெல்லாம் வச்சிருக்கியா?"

"ஒரிஜினல் அப்படியே இருக்கு சார். முழுசா ஏத்தித் தர்றேன்."

"முழுசு வேணாம். எனக்கு நேரம் கிடையாது. எடுத்த இடத்தை மட்டும் ஒண்ணாச் சேத்து ஒரே புக்காக் குடு."

"சார்..." பெலிண்டா குரலைத் தாழ்த்தினாள். "அது வெறும் சாவா இருக்கும் சார். ஒண்ணு மாத்தி ஒண்ணு."

"மத்ததெல்லாம் படிச்சாச்சேம்மா. அது மட்டும்தானே பாக்கி."

பெலிண்டா வேணியைப் பார்த்தாள். வேணி படியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்கறாருல்ல, போட்டுக் குடு," என்றாள். திரும்பவே இல்லை.

பெலிண்டாவுக்கு அரைநாள் ஆயிற்று. வெட்டிய இடங்களை எல்லாம் தேடி எடுத்து வரிசையாக ஒட்டினாள். முன்னால் இருந்த ஒரு பத்தி, பின்னால் இருந்த ஒரு பத்தி வேண்டுமா என்று கேட்டாள்; வேண்டாம் என்றார். அதே பெரிய எழுத்து, அதே உள்ளங்கைப் பக்கம். ரீடரின் பட்டியலில் காட்டுவதற்குப் பெயர் ஒன்று வேண்டும், வெறுமனே ஏறாது. பெலிண்டா கொஞ்சம் யோசித்து 'மிச்சம்' என்று அடித்தாள்.

அதற்கப்புறம் டயாலிசிஸ் படுக்கையில் அதைத்தான் படித்தார். வேணி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் பயந்த மாதிரி மனுஷர் இடிந்துபோகவில்லை. கல்யாணச் சமையலுக்குக் குறை சொல்கிறவர் மாதிரி ஒவ்வொரு சாவாகக் கழித்துக்கட்டினார்.

"அந்த ஜமீன்தார் சாவு சரியில்லையாம்," என்று வேணி என்னிடம் வந்து சொன்னாள். "நாலு பக்கம் பேசிக்கிட்டே சாவறானாம். வாயை மூடுடான்னு இருந்துச்சாம்."

"வண்டிக்காரன்?"

"அவன் பரவாயில்லையாம். மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லிட்டுப் போறான்ல. ஆனா மருமக ரொம்ப அழறாளாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்த வாயை உடனே கையால் பொத்திக்கொண்டாள்.

ஒன்றே ஒன்று அவருக்குப் பிடித்தது. ஒரு வாத்தியார். கிராமத்து வீட்டில் கட்டிலில் கிடக்கிறார். டாக்டர் கிடையாது, ஊசி கிடையாது. பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரிக்கிறாள். உரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போய்விடுகிறார். அவள் அதைக் கவனிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் உரிக்கிறாள். அவ்வளவுதான் மொத்தமும். அதை அவர் இரண்டு டயாலிசிஸுக்குத் திரும்பத் திரும்பப் படித்தார்.

அப்புறம் ஒரு சாயங்காலம் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"வேணி, எனக்கு மூச்சு முட்டிச்சுன்னா தூக்கிக்கிட்டு ஓடாதே."

"பேச்சைப் பாரு."

"கேளு. குழாயெல்லாம் சொருக விடாதே. கண்ணாடி ரூமுக்குள்ள போட்டு, நீ வெளிய நின்னுக்கிட்டு, அதெல்லாம் வேணாம். இங்கயே கிடக்கறேன். நீ பக்கத்துல உக்காந்து ஏதாச்சும் வேலை பாத்துக்கிட்டு இரு. போதும்."

"கடலை உரிக்கணுமா?" என்றாள் வேணி.

"வெங்காயம் உரி. குழம்புக்காவது ஆவும்."

"சரிங்க."

"வாய்ல சொன்னாப் பத்தாது."

"சரின்னுதாங்க சொல்றேன்."

அந்தச் 'சரி'க்கு நானும் சாட்சி.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் பிறகு திங்கட்கிழமைதான் அடுத்தது. நடுவில் வருகிற அந்த இடைவெளி அவருக்கு எப்போதுமே ஆகாது. திங்கட்கிழமை காலையிலேயே மூச்சு ஏறி இறங்க ஆரம்பித்தது. கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. சாய்ந்து உட்காரவைத்திருந்தார்கள். நான் போய் வாசலில் நின்றேன். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

வேணி சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி எடுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உரித்தாள். தோலோடு சதையும் போயிற்று. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச மூச்சில்லை, கண்ணால் ஆமாம், அப்படித்தான் என்கிற மாதிரி இருந்தது. நாலைந்து வெங்காயம் உரித்திருப்பாள். அவருக்குத் தொண்டையில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கதையில் அந்தச் சத்தத்தை யாரும் எழுதியிருக்கவில்லை.

முறம் எகிறி விழுந்தது. "அக்கா! ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க! போடுங்கக்கா!"

அவர் என்ன கேட்டுக்கொண்டார் என்று எனக்கும் தெரியும். போன் போட்டேன். கண் முன்னால் ஒரு ஆள் அப்படி இழுக்கும்போது நீங்களாக இருந்தாலும் போட்டிருப்பீர்கள்.

எங்கள் லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. நாற்காலியில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, மாடிப்படி வழியாக இறக்கினார்கள். முதல் திருப்பத்தில் அவர் வலது கை நீண்டு கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. தூக்குகிறவர்கள், "விடுங்க சார், விடுங்க சார்," என்கிறார்கள். விடவில்லை. வேணிதான் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"வேணி... சொன்னேன்ல..."

"பேசாதீங்க. பேசினா மூச்சு போயிரும். பேசாதீங்க."

வண்டியில் ஒருத்தர்தான் ஏறலாம் என்றார்கள். நானும் ஏறினேன். மாம்பழச்சாலை வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. பாலத்தில் ஏறியதும் நின்றது. மழைக்கு ஏதோ லாரி நடுவில் படுத்துவிட்டதாம். சைரன் கத்துகிறது, முன்னால் யாரும் ஒதுங்க இடமில்லை. கீழே காவிரி செம்மண் நிறத்தில் ஓடியது. மூக்கில் குழாய், வாயில் மூடி, மார்பில் ஒட்டிய வயர்கள். வேணி அவர் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கூட வந்த பெண் தேய்க்க வேண்டாம் என்று சொன்ன பிறகும் தேய்த்தாள். வீடும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. பாலத்தின் நடுவில் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் துறையூரிலிருந்து சனம் வந்துவிட்டது. ஹாலில் கிடத்தியிருந்தார்கள். வேணி தலைமாட்டில் இருந்தாள். வருகிறவர்கள் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, எப்படி ஆச்சு என்று கேட்பார்கள். அவள் ஒவ்வொருத்தருக்கும் ஒரே மாதிரி, ஓர் எழுத்து மாறாமல் சொன்னாள்.

"வீட்டுலதான். நான் பக்கத்துல வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தேன். சத்தமே இல்ல. தூங்கற மாதிரியே போயிட்டாரு."

ஜெயக்குமார் வாயைத் திறந்தான். "இல்ல, ஆம்புலன்ஸ்ல..." பெலிண்டா அவன் தொடையில் கிள்ளியது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் சிங்கப்பூர்த் தம்பி விமானத்தில் வந்து இறங்கினார். வேணி சொன்னதைக் கேட்டார். அழுது முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். படித்த மனிதர், யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்க கடைசில கூட இருந்தீங்களாமே. வீட்டுலதான் போனாரா? கஷ்டப்படலியே?"

வேணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பெலிண்டாவும் பார்த்தாள். இந்தப் பிளாட்டில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். நான் நடந்ததைச் சொல்வேன், கூட நாலு வார்த்தை சேர்த்தும் சொல்வேன். வெட்டிச் சொல்லிப் பழக்கமில்லை.

"வீட்டுலதான் தம்பி," என்றேன். "ஒண்ணும் கஷ்டம் இல்ல. காலைல காப்பி கேட்டாரு. பாவம், தண்ணியைக்கூட இத்தனை நாளா அளந்துதானே குடிச்சாரு. முழு டம்ளர் காப்பி குடிச்சாரு. குடிச்சிட்டு நல்லா சாஞ்சுக்கிட்டாரு."

தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வேணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"ஆமா," என்றாள். "சர்க்கரை போட்டு."